குழிய மூடியாச்சு சரி, ஓடை எங்க?

எங்க பக்கம் இன்னொரு கல்குவாரி வரப்போவுதுன்னு பேச்சு கிளம்புனதுல இருந்து ஊர்ல ரெண்டு கட்சி. ஒரு கட்சி வேண்டவே வேண்டாங்குது. இன்னொரு கட்சி, வேலை முடிஞ்சதும் குழிய மூடி மரம் நட்டுத் தந்துருவோம்னு பிளான்லயே எழுதிக் குடுத்துருக்காவ, பொறவு என்னடே கஷ்டம்னு கேக்குது. நான் மூணாவது கட்சி. மூடுறதப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி தண்ணியப் பத்திப் பேசுங்கங்கற கட்சி. இதுல ஆளு ரொம்பக் கொறவு, இருக்குற ஒண்ணு ரெண்டு பேர்ல எங்க மாமாவும் ஒருத்தரு, அவரும் அரை மனசாத்தான் இருக்காரு.

எனக்கு இதுல இவ்வளவு பிடிவாதம் எதுக்குன்னா, மூடுன குழிய நான் பக்கத்துல நின்னு பாத்தவன். மத்தியப் பிரதேசத்துல சிங்கரௌலி பக்கம் நிலக்கரி சுரங்கத்துல ஒரு காண்ட்ராக்ட் லேபுக்கு தண்ணி சாம்பிள் எடுக்குற வேலை பாத்தேன், கம்பெனி பேரு வேண்டாம். நிலக்கரிக்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க, தூத்துக்குடில கப்பல்ல வந்து எறங்குறதத் தவிர நம்ம பக்கம் கரியே கிடையாதுதான். ஆனா பூமியத் தோண்டுனா தண்ணிக்கு என்ன ஆவும், தோண்டுனவன் யாருக்கு என்ன பதில் சொல்லணும்ங்கற விஷயத்துல நிலக்கரிக்காரங்க அளவுக்கு அடிபட்டவங்க உலகத்துல யாரும் இல்ல, அதனால படிக்கணும்னா அங்கதான் போய் படிக்கணும்.

ஓப்பன் காஸ்ட் சுரங்கம்னா மொதல்ல மேல இருக்குற மண்ணையும் பாறையையும் எடுத்து ஒரு பக்கம் மலையா கொட்டுவாங்க, ஓபி டம்ப்னு சொல்லுவாங்க. கரி ஆழத்துல இருக்கும், அந்த ஆழத்துக்குப் போறதுக்குள்ள தண்ணி ஊத்தெடுக்கும், அத ராத்திரி பகலா பம்பு வச்சி எறைச்சிக்கிட்டே இருக்கணும், இல்லன்னா கரி அள்ளுற டம்பர் லாரி உள்ள நிக்காது. அப்பிடி எறைக்க எறைக்க சுத்துவட்டாரத்துல பூமிக்குள்ள தண்ணி மட்டம் குழியப் பாத்து சரியுது. குழிக்குப் பக்கத்துல இருக்குற கெணறு மொதல்ல போவும், அப்புறம் அடுத்தது. அந்த ஊர்க்காரங்க கெணத்த எட்டிப் பாத்துட்டு இந்த வருஷம் மழை சரியில்லன்னு நெனச்சிக்கிடுவாங்க. எங்க கையில பைசோமீட்டர் கணக்கு இருந்துச்சு, பூமிக்குள்ள தண்ணி மட்டத்த அளக்குற குழாய் அது, மழைக்கு சம்பந்தமே இல்லாம மட்டம் எறங்குறது அதுல தெரியும். ஆனா அந்தக் கணக்கு ஊர்க்காரங்க கைக்குப் போவாது, ஃபைலுக்குத்தான் போவும்.

பொறவு கரி எடுத்து முடிஞ்ச பக்கத்துல ஓபிய திரும்பக் கொட்டி நெரப்புவாங்க, பேக்ஃபில்லிங்னு பேரு. மேல மேல்மண்ணு பரப்பி, கன்னு நட்டு, போர்டு வச்சி போட்டோ எடுத்தா பச்சையா ஜம்முனு இருக்கும், பொய்யே சொல்லல, நல்லாவே இருக்கும். கோளாறு கண்ணுக்குத் தெரியாத எடத்துல இருக்கு. பூமிக்குள்ள மணல்பாறை ஒரு அடுக்கு, களி ஒரு அடுக்கு, கரி ஒரு அடுக்குன்னு இருந்துச்சில்லா, தண்ணி எந்த அடுக்குல நடக்கணும் எந்த அடுக்குல தடுத்து நிக்கணும்னு அதுவா ஒரு ஏற்பாடு இருந்துச்சு. இப்ப எல்லாத்தையும் வெடி வச்சி ஒடச்சி கலந்து கொட்டியாச்சு, அது நாலா மடிச்சி வச்ச சேலையக் கிழிச்சி கந்தலாக்கி அதே பீரோவுக்குள்ள திணிச்ச கதைதான், துணி அவ்வளவும் உள்ளதான் இருக்கு ஆனா சேலை இல்ல. ஒடஞ்ச பாறை எடமும் அதிகம் எடுக்கும், இடுக்கும் அதிகம், பெய்யுற மழை மேல ஓடாம உள்ள எறங்கிரும், எறங்குனது எந்தப் பக்கம் போய் தலை காட்டும்னு யாருக்கும் தெரியாது. தண்ணி மட்டம் பழைய நெலைக்கு வர பல பத்து வருஷம் ஆவலாம். வந்தாலும் புதுசா ஒடஞ்ச பாறைல இருந்து உப்பையும் சல்ஃபேட்டையும் கரைச்சிக்கிட்டுத்தான் வரும்.

நாங்க சாம்பிள் எடுத்த ஒரு எடத்துல முன்னால ஒரு சின்ன நாலா ஓடிட்டு இருந்ததாம், அந்தப் பக்கம் ஓடைய அப்பிடித்தான் சொல்லுவாங்க. மழைக்காலத்துல ஓடி, பனிக்காலம் வரைக்கும் கசிஞ்சி, வெயில்ல மணலா கெடக்குற வகை. நெரப்புன பொறவு அதுக்குப் பதிலா நேர்கோடா ஒரு கல்லு பதிச்ச வாய்க்கால் வெட்டி விட்டாங்க. பேப்பர்ல ஓடைய திருப்பிக் குடுத்தாச்சு. மழை பெஞ்சா அந்த வாய்க்கால்ல தண்ணி சர்ருனு வரும், சர்ருனு போயிரும், மறுநா காஞ்சி கெடக்கும். பழைய நாலாவுல பனிக்காலம் வரைக்கும் கசிவு இருந்துச்சுன்னா அது அடில இருந்த மணல்படுகையும் ரெண்டு பக்கத்து பூமியும் சேர்ந்து குடுத்த தண்ணி. அத நம்பித்தான் கீழ உள்ளவங்க கடலை போட்டாங்க. கல்லு பதிச்ச வாய்க்கால்ல எங்க இருந்து கசியும்?

நம்ம நாட்டுக் கரில பெரும்பாலும் கந்தகம் கம்மி, அதனால அமிலத் தொந்தரவு அவ்வளவா இல்ல. வடகிழக்குல அப்பிடி இல்ல. பாறைக்குள்ள இருக்குற பைரைட்டு, இரும்பும் கந்தகமும் சேந்த கல்லு அது, காத்தும் தண்ணியும் பட்டதும் அமிலமாவும், அதுல இரும்பு கரைஞ்சி ஓடைல ஆரஞ்சு கலர்ல படியும். மேகாலயாவுல லுக்கா ஆறு குளிர்காலத்துல நீலமாவே ஆயிரும், மீனு செத்து மெதக்கும், போட்டோ பாத்தா ஆகா என்ன அழகுன்னு சொல்லத் தோணும். அங்க எலிப்பொந்து சுரங்கத்த, ஆளு தவழ்ந்து போற அளவு குறுகலா குடையுறத, பசுமைத் தீர்ப்பாயம் 2014லயே தடை பண்ணிச்சு. தோண்டுறத நிறுத்துனாலும் அமிலம் நிக்காது, பாறை தொறந்து கெடக்குற வரைக்கும் அது பாட்டுக்கு வந்துகிட்டே இருக்கும், இதுதான் இதுல ரொம்ப மோசமான சங்கதி.

இதையெல்லாம் மாமாகிட்ட ஒருநா சொல்லிட்டு இருந்தேன். அவரு எல்லாத்தையும் கேட்டுட்டு, "அதெல்லாம் சரி மருமவனே, ஓடைத் தண்ணிக்கு நமக்கு பாத்தியதை இருக்குல்லா, அத எவன் மறிக்க முடியும், கோர்ட்டுக்குப் போனா நிக்குமா நிக்காதா அதச் சொல்லு"ன்னாரு.

அவரு கேள்வில நியாயம் இருக்கு. தாமிரபரணிப் பாசனத்துல பொறந்து வளர்ந்த ஆளுக்கு தண்ணின்னா பாத்தியதைதான். கோடைமேலழகியான்ல ஆரம்பிச்சி ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் வரிசையா அணைக்கட்டு, ஒவ்வொண்ணுக்கும் அதது கால், அதாவது வாய்க்கால், கார் பிசானம்னு ரெண்டு நெல்லுப் போகம், கார் சாகுபடிக்கு எந்தக் காலுக்கு மொதல்ல, பிசானத்துக்கு எப்ப தொறக்கணும், எந்தக் குளம் நெரம்பி மறுகால் பாஞ்சா அந்தத் தண்ணி எந்தக் குளத்துக்குன்னு எல்லாத்துக்கும் வழிவழியா வந்த வழக்கம் இருக்கு. மணிமுத்தாறு கால்ல மூணாவது நாலாவது ரீச்சு, அதாவது பகுதிக்காரங்க தண்ணி கேட்டு கலெக்டர் ஆபீஸ் வாசல்ல போய் நிக்காத வருஷம் உண்டா. மடை தொறக்குறதுல ஒரு சாண் கூடிட்டுன்னு வெட்டுக்குத்து வரைக்கும் போன ஊருங்க இருக்கு நம்ம பக்கம்.

ஆனா சட்டத்த எடுத்துப் பாத்தா அதுக்குள்ள ஒரு பள்ளம் இருக்கு. 1882ல வந்த வசதியுரிமைச் சட்டம், இன்னைக்கும் அதுதான். அதுல 7வது பிரிவுல உதாரணமா ஒண்ணு போட்டுருக்கான் பாருங்க, இயற்கையான ஓடை ஒரு நெலத்து வழியா தெளிவா ஒரு தடத்துல ஓடிச்சுன்னா, அது தடங்கல் இல்லாம, அளவும் திசையும் வேகமும் வெப்பமும்கூட பெருசா மாறாம தன் எல்லைக்குள்ள வந்து சேரணும்னு கேக்க அந்த நெலத்துக்காரருக்கு உரிமை உண்டு. வெப்பம்! 1882ல ஒக்காந்து எழுதுனவன் தண்ணியோட சூட்டக்கூட விடல. மாமா இதக் கேட்டதும், "பாத்தியா, நான் சொல்லல?"ன்னு துண்ட ஒதறி தோள்ல போட்டுகிட்டாரு. இருங்க மாமா, அதுக்கு முந்துன உதாரணத்தையும் கேளுங்கன்னேன். தடம் இல்லாம பூமிக்குள்ள இருக்குற தண்ணிய அவனவன் எல்லைக்குள்ள எவ்வளவு வேணும்னாலும் சேத்துக்கிடலாம், வெளியேத்திக்கிடலாம், அது நெலத்துக்காரன் உரிமைன்னு அதே சட்டம் சொல்லுது. அப்ப குழிக்குள்ள ஊறுற தண்ணிய ராப்பகலா எறைச்சி வெளிய விடுதவன், என் எல்லைக்குள்ள ஊறுனது, நான் எறைக்கேன்னு சொல்லிட்டுப் போயிருவான். ஓடைய அவன் தொடவே இல்ல. ஆனா ஓடைக்கு கசிவு குடுத்த பூமி வத்திருச்சு. நம்ம பாத்தியதை ஓடைல இருக்கு, ஓடையோட உசுரு அவன் குழிக்குள்ள இருக்கு.

மாமா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. பொறவு, "அப்ப வெள்ளக்காரன் ஊர்ல என்ன பண்ணுதான்?"ன்னாரு.

அமெரிக்காவுல 1972 பிப்ரவரில மேற்கு வர்ஜீனியாவுல பஃபலோ கிரீக்குன்னு ஒரு பள்ளத்தாக்குல கரிக் கழிவ வச்சிக் கட்டுன அணை ஒடஞ்சி 125 பேர் செத்துப் போனாங்க. அதுக்கு முன்னாடியும் பொறவும் சேந்த கோவம் எல்லாமா 1977 ஆகஸ்ட்ல கரிச் சுரங்கத்தக் கட்டுப்படுத்துற ஒரு சட்டமா வந்துச்சு, ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டாரு. எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சது மரம் நடுறதோ பழைய மேடு பள்ளத்த திருப்பிக் கொண்டு வரணும்ங்கறதோ இல்ல. பெர்மிட் கேக்கும்போதே அந்தப் பக்கத்து ஓடைலயும் பூமிக்குள்ளயும் எந்தப் பருவத்துல எவ்வளவு தண்ணி, என்ன தரம்னு கணக்கு குடுக்கணும், தோண்டுனா அதுக்கு என்ன ஆவும்னும் சொல்லணும். ஒருத்தரோட தண்ணி, கெணறோ ஊத்தோ ஓடையோ, வீட்டுக்கோ வெவசாயத்துக்கோ எடுத்துட்டு இருந்தது, சுரங்கத்தால கெட்டுச்சு, கொறஞ்சிச்சு, நின்னு போச்சுன்னா கம்பெனிதான் மாத்துத் தண்ணி குடுக்கணும். பூமிக்கு மேலயா கீழயாங்கற பேச்சே இல்ல, நம்ம 1882 சட்டத்துல இருக்குற பள்ளத்த அவங்க அந்த ஒத்த வரில தூர்த்துட்டாங்க. ஆழத்துல குடைஞ்சி எடுக்குற சுரங்கத்துக்கு குடிதண்ணி விஷயத்துல இதே மாதிரி 1992ல சேத்தாங்க. மேற்க வறண்ட மாகாணங்கள்ல ஆத்தங்கரை வண்டல் வயலா இருந்தா அங்க வெவசாயத்த நிறுத்துற மாதிரி தோண்டக்கூடாதுன்னு தனியா ஒரு விதி, அத படிக்கும்போது எனக்கு நம்ம சேரன்மாதேவி நஞ்சைதான் ஞாபகம் வந்துச்சு. குழிய மூடித் தருவேன்னு கம்பெனி கட்டுற டெபாசிட் பணத்தையும் லேசுல விட மாட்டாங்க. கடைசியா வெதைச்சதுல இருந்து 5 வருஷம் கம்பெனி பொறுப்பு, வருஷத்துக்கு 26 அங்குலமோ அதுக்கும் கீழயோதான் மழைன்னா 10 வருஷம். வறண்ட காட்டுல புல்லு புடிக்கவே நாளாவும்னு தெரிஞ்ச எவனோ எழுதிருக்கான்.

பென்சில்வேனியால இன்னும் ஒரு படி மேல. அங்க 1994ல ஒரு திருத்தம், ஆழச் சுரங்கத்துல கரி எடுத்த எடத்தோட விளிம்புல இருந்து, செங்குத்துக்கு 35 டிகிரி சாய்வா மேல ஒரு கோடு போட்டா அது தரைல எங்க தொடுதோ அதுக்குள்ள இருக்குற கெணத்துக்கு ஏதாவது ஆச்சுன்னா கம்பெனிதான் காரணம்னு மொதல்லயே எடுத்துக்கிடுவாங்க, இல்லன்னு நிரூபிக்கிறது கம்பெனி பாடு. இங்க நம்ம கதைய நெனச்சிப் பாருங்க. கெணறு வத்துனவன்தான் வக்கீல் புடிச்சி, ஆய்வு பண்ண ஆளு புடிச்சி, மழை காரணம் இல்ல, பக்கத்து போர் காரணம் இல்ல, குழிதான் காரணம்னு நிரூபிக்கணும். எவன்கிட்ட அதுக்குக் காசு இருக்கு. அந்த பென்சில்வேனியா விதிலயே ஒரு கொக்கியும் உண்டு, கடைசில சொல்லுதேன்.

அதுக்காக அமெரிக்காக்காரன் ஓடைய எல்லாம் காப்பாத்திட்டான்னு நெனச்சிராதீங்க. ஓடைல இருந்து 100 அடிக்குள்ள தோண்டாதேங்கற விதி 1983லயே இருந்துச்சு, இருந்தும் அப்பலாச்சியாங்கற மலைப் பகுதில மலை உச்சியவே வெட்டிப் பக்கத்துப் பள்ளத்துல தள்ளி கிட்டத்தட்ட 2,000 மைல் ஊத்து ஓடைங்க புதைஞ்சி போச்சுன்னு அவங்க சுற்றுச்சூழல் முகமையே சொல்லுது. மலை உச்சில இருக்குற ஊத்து ஓடை மேப்புல ஒரு நூல் மாதிரி இருக்கும், பல சமயம் அதுவும் இருக்காது, அதனால போனா கேக்க ஆள் கிடையாது. ஒபாமா போறதுக்கு முன்னால 2016 டிசம்பர்ல புதுசா ஒரு விதி கொண்டு வந்தாங்க, தோண்டுறதுக்கு முன்னாடி ஓடை நெலமைய இன்னும் நல்லா அளக்கணும், ஓடை பழையபடி உசுரோட வந்துருச்சான்னு பாத்துட்டுத்தான் டெபாசிட்ட விடணும்னு. 2017 பிப்ரவரில காங்கிரஸ் அத ரத்து பண்ணி டிரம்ப் கையெழுத்துப் போட்டுட்டாரு. ரெண்டு மாசம் முழுசா நெலைக்கல.

நம்ம நாட்டுலயும் 2009ல நிலக்கரி அமைச்சகம் சுரங்கம் மூடுறதுக்கு வழிகாட்டுதல் போட்டுச்சு. ஓப்பன் காஸ்டுன்னா ஹெக்டேருக்கு 6 லட்சம், ஆழச் சுரங்கம்னா 1 லட்சம்னு அப்போதைய விலைக்கு ஒரு எஸ்க்ரோ கணக்குல, மூடுற வேலை நடந்தாத்தான் எடுக்க முடியுற தனிக் கணக்கு அது, போட்டு வைக்கணும்னு அப்ப சொல்லிச்சு. பணத்தப் போட வச்சது நல்ல விஷயம்தான், கொறை சொல்லல. ஆனா பணம் ஹெக்டேர் கணக்குல வருது. இத்தன ஹெக்டேர் நெரப்பியாச்சு, இத்தன ஹெக்டேர்ல மரம்னு காட்டுறது லேசு. அந்த ஹெக்டேர்ல இருந்து வெளிய எந்த ஓடை எத்தன மாசம் ஓடிச்சு, அத நம்பி எத்தன பேர் இருந்தாங்கங்கறது ஹெக்டேருக்குள்ள அடங்காது.

நெய்வேலியப் பாருங்க, அது பழுப்பு நிலக்கரி. கரிக்கு அடில பெரிய அழுத்தத்தோட தண்ணி இருக்கு, எறைக்காம விட்டா சுரங்கத்தோட அடித்தரையே பொத்துக்கிட்டு மேல வந்துரும், அதனால பம்பு ஓய்வே கிடையாது. எறைச்ச தண்ணி அனல்மின் நிலையத்துக்குப் போவுது, வாலாஜா ஏரிக்கு போவுது, வெவசாயத்துக்கும் போவுது. கேக்க நல்லாத்தான் இருக்கு. எனக்கு ஒறுத்துறது என்னன்னா, சுரங்கம் ஓடுற வரைக்கும் பாத்தியதைல வந்த தண்ணிக்குப் பதிலா எவனோ மனசு வச்சி பம்புல விடுற தண்ணிக்கு ஒரு ஊரே பழகிப் போவுது. சுரங்கம் மூடுற அன்னைக்கு பம்பும் நிக்கும். அன்னைக்கு அந்த வயலுக்கு யார் பொறுப்பு? 2023 ஜூலைல பரவனாத்த திருப்பி விடுற கால்வாய் வெட்ட வளையமாதேவில நட்டு நின்ன நெல்லுக்குள்ள மெஷின விட்டது எல்லாரும் டிவில பாத்ததுதான்.

நம்ம ஊரு கதைக்கு வாறேன். எங்க ஊரு கடையத்துக்கும் அம்பைக்கும் நடுவுல, மலைல இருந்து எறங்குற சின்ன ஓடைங்கதான் குளத்துக்கு ஆதாரம். புளியரை வழியா கேரளாவுக்குப் போற லாரிய எண்ணுறதுக்கு ஆளு இருக்கு, ஓடைல வர்ற தண்ணிய அளக்க ஆளு இல்ல. 2022 மே மாசம் அடைமிதிப்பான்குளம் குவாரில பாறை சரிஞ்சி நாலு பேர் செத்ததுக்குப் பொறவு குவாரின்னாலே எல்லாருக்கும் அந்தப் பயம்தான் மொதல்ல வருது, அது நியாயம், தண்ணி சங்கதி அதுக்குப் பின்னால போயிருது. கல்குவாரி கரிச் சுரங்கம் மாதிரி இல்ல, இது கெட்டிப் பாறை, தண்ணி வெடிப்புலதான் நடக்கும், எந்த வெடிப்பு எந்தக் கெணத்துக்குப் போவுதுன்னு மேல இருந்து சொல்லவே முடியாது. அதனாலயே முன்கூட்டி அளந்து வைக்கிறது இங்க இன்னும் முக்கியம்னு நான் சொல்லுதேன்.

இப்ப என்ன பண்ணுதோம்னா, கயித்துல குண்டு கட்டி, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, கெணறு கெணறா மாசத்துக்கு ஒருக்கா மட்டம் எடுக்கோம். காலைல மோட்டார் போடுறதுக்கு முன்னாடி எடுக்கணும், போட்டுட்டா அளவு பொய்யாயிரும். ஓடைல எந்தப் பாலத்துக்கு அடில எந்தத் தேதி வரைக்கும் தண்ணி நின்னுச்சு, குளம் எந்தத் தேதி மறுகால் பாஞ்சிச்சு, எல்லாம் நோட்டுல ஏத்துதோம். எழுதுறது மாமா, அவரு கையெழுத்து முத்து முத்தா இருக்கும். தேதி போட்டு, கெணத்துக்காரர் கையெழுத்து வாங்கி, செல்போன்ல ஒரு போட்டோவும். ஒரு காரும் ஒரு பிசானமும் முழுசா வந்துட்டா போதும், கருத்துக் கேட்பு கூட்டத்துல வச்சி இதான் எங்க தண்ணி, எழுதிக்கிடுங்கன்னு சொல்லலாம். மூடுற பிளான்ல ஓடைன்னு ஒரு வரிகூட இல்ல, மொதல்ல அதச் சேருங்கன்னும் கேக்கலாம்.

எல்லாரும் கெணத்த அளக்க விட்டாவளான்னா இல்ல. தெக்குத் தெரு அண்ணாச்சி ஒருத்தரு, குவாரிக்குப் பக்கத்துலயே அவரு கெணறுதான், கிட்டயே விடல. "நீ இன்னைக்கு அளப்ப, நாளைக்கு ஈபிக்காரன் வந்து எத்தன மோட்டார்னு எண்ணுவான், போடே"ன்னுட்டாரு. ரெண்டாவது மோட்டாருக்கு அவருட்ட சர்வீஸ் இல்ல, ஊருக்கே தெரியும். முன்னால சொன்னேன்ல பென்சில்வேனியா கொக்கி, அது இதான்: தோண்டுறதுக்கு முன்னாடி கெணத்த அளக்க வந்தப்ப சொந்தக்காரன் விடலன்னு கம்பெனி காட்டிட்டா, கம்பெனிதான் காரணம்னு எடுத்துக்கிடுற சலுகை அவனுக்குப் போயிரும். இத அண்ணாச்சிகிட்ட சொல்லிப் பாத்தேன், பென்சில்வேனியா எந்தப் பக்கம்னு கேட்டாரு. இப்ப மாமா போயிருக்காரு, மோட்டார் ரூம் பக்கமே திரும்பிப் பாக்க மாட்டேன், கயித்த மட்டும் விட்டு எடுத்துக்கிடுதேன்னு பேசி முடிக்க.